உறைந்த ஏரியில் ஒரு சக்கர வீடு: வன்னி வர்த்தகருக்கு அது சொல்லும் கணக்கு

குளத்துக்கு மீன் பிடிக்கப் போகிறவர் தனது வீட்டையும் இழுத்துக்கொண்டு போவாரா? இரணைமடுவிலோ முத்தையன்கட்டிலோ இப்படிக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் குளிர்காலம் வந்தால் ஆயிரக்கணக்கானோர் அதைத்தான் செய்கிறார்கள். ஏரியின் மேற்பரப்பு உறைந்து கல் போலாகிவிடும். வாகனத்தின் பின்னால் சக்கரம் பூட்டிய சிறு வீடொன்றைக் கொழுவி, உறைந்த ஏரியின் மேல் ஓட்டிச் சென்று, நடு ஏரியில் நிறுத்துவார்கள். பின்னர் வீட்டின் தரையிலுள்ள துவாரத்தின் வழியாகத் தூண்டில் போடுவார்கள்.

இந்த வீட்டுக்கும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் மீன், ஐஸ், லொறி என்று ஓடித் திரியும் நமது வியாபாரிகளுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. வருடத்தில் சில மாதம் மட்டுமே பயன்படும் ஒரு பொருளைச் சுற்றி ஒரு தொழில் எப்படி நிலைத்தது என்பதுதான் அந்த வீட்டின் கதை. நமது பகுதியிலோ, பருவத்தை நம்பிய தொழிலுக்கு மாதத் தவணையில் வாகனம் எடுத்து, தவணை கட்ட முடியாமல் வாகனத்தையும் கைமுதலையும் சேர்த்து இழந்தவர்கள் உண்டு. குளமும் கடலும் எல்லா மாதமும் ஒரே அளவில் தருவதில்லை. தவணை மட்டும் எல்லா மாதமும் ஒரே அளவில் வருகிறது. இந்த இரண்டுக்கும் இடையில் அகப்படாமல் இருப்பது எப்படி என்பதே இவ்வாரப் பாடம்.

அந்த வீடு எப்படிப்பட்டது?

மினசோட்டாவின் வாகன இலக்கத் தகட்டிலேயே ‘10,000 ஏரிகள்’ என்று பொறித்திருப்பார்கள். அங்கு குளிர் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை, 30 பாகை என்று இறங்கும் நாட்கள் உண்டு. அந்தக் குளிரிலும் ஐஸில் துளையிட்டு மீன் பிடிப்பது அவர்களுடைய பழைய பழக்கம். முன்பு பலகையால் அடித்த சிறு குடிசையைச் சறுக்குக் கட்டையில் ஏற்றி ஏரிக்குள் இழுத்துச் செல்வார்கள். குளிர்காலம் முடியும் வரை அது அங்கேயே கிடக்கும். அடிப்பாகம் ஐஸோடு ஐஸாக உறைந்து ஒட்டிக்கொள்ளும். அதைப் பெயர்த்தெடுப்பதே ஒரு பெரிய வேலை.

பின்னர்தான் சக்கர வீடு வந்தது. பொதுவாக 8 அடி அகலம், 16 முதல் 20 அடிக்கு மேல் நீளம். வீதியில் இழுத்துச் செல்லும்போது அது சாதாரண டிரெயிலர். ஏரிக்குப் போனதும் கைபிடியைச் சுற்றினால் சக்கரங்கள் மேலேறி, வீட்டின் அடிப்பாகம் ஐஸின் மேல் படிந்து உட்கார்ந்துவிடும். தரையில் மூடி போட்ட துவாரங்கள் பல இருக்கும். சுவருக்குள் வெப்பம் வெளியேறாத நுரைத் தகடு. உள்ளே கேஸ் அடுப்பு, சூடேற்றி, மடித்து விரிக்கும் கட்டில். சுவரில் மணி கட்டிய தூண்டில் உருளை ஒன்றும் இருக்கும். இரவில் மீன் கடித்தால் மணி அடித்து, உறங்குகிறவரை எழுப்பும். இப்படிச் செய்யும் நிறுவனங்களில் பேர்பெற்றது மினசோட்டாவின் மொன்ரவிடியோ என்ற சிற்றூரிலிருந்து வந்த ‘ஐஸ் காசில்’. ஒரு வீட்டின் விலை பல பத்தாயிரம் டொலர் வரை போகும்.

கனடாவில் உள்ள நமது நாட்டவர்களுக்கு இது புதிய காட்சியல்ல. டொரொண்டோவுக்கு வடக்கேயுள்ள சிம்கோ ஏரியில் குளிர்காலத்தில் இவ்வாறான குடில்களை நாள் வாடகைக்கு விடுகிறார்கள். வாடிக்கையாளர் வெறுங்கையோடு வந்தாலும் போதும். ஏரிக்குள் ஏற்றிச் செல்லும் வாகனம், சூடான குடில், துளை, தூண்டில் எல்லாம் வாடகைக்காரரே கொடுப்பார்.

பாடம் ஒன்று: பொருளைப் பார்க்காமல் சிரமத்தைப் பாருங்கள்

இந்தத் தொழிலில் விற்கப்படுவது மீனல்ல. சந்தையில் போய் வாங்கினால் அதைவிட மிக மலிவாக மீன் கிடைக்கும். விற்கப்படுவது குளிரிலிருந்து விடுதலை. மீன் பிடிக்க ஆசை இருந்தும் குளிருக்குப் பயந்து வீட்டில் இருந்தவரையும், அவரது மனைவி பிள்ளைகளையும் அந்தச் சூடான அறை ஏரிக்குக் கொண்டுவந்தது. சிரமம் எங்கே இருந்ததோ அங்கேதான் வியாபாரம் பிறந்தது.

ஏரிக்கரையிலிருப்பவர்களும் இதையே செய்தார்கள். வீடு வாங்க வசதியில்லாதவருக்கு வீட்டை வாடகைக்குக் கொடுத்தார்கள். சொந்த வீடு வைத்திருப்பவருக்கு ஏரியின் மேல் பனியை ஒதுக்கிப் பாதை அமைத்து, அந்தப் பாதையில் செல்ல நாள் கட்டணம் வாங்கினார்கள். ஒரே ஏரி, ஒரே மீன்; ஆனால் வீடு செய்கிறவர், வாடகைக்கு விடுகிறவர், பாதை போடுகிறவர் என்று மூன்று வகைப் பிழைப்பு.

இனி நமது குளக்கரைக்கு வாருங்கள். வவுனிக்குளம், முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்பு, இரணைமடு, பாவற்குளம் போன்ற குளங்களில் நன்னீர் மீனவர்கள் இருக்கிறார்கள். 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான தேசிய நீர்வாழ் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகார சபை, நாடெங்கும் குளங்களில் மீன்குஞ்சுகளையும் நன்னீர் இறால் குஞ்சுகளையும் விடுகிறது. திலாப்பியா, கட்லா, ரோகு என்று பிடிபடும் மீனுக்கு நல்ல கேள்வியும் உண்டு. ஆனால் மீனவர் கரைக்கு வந்தபின் நடப்பது என்ன? நிழலில்லாத கரையில் சாக்கின் மேல் மீன் கிடக்கும். வியாபாரியின் மோட்டார் சைக்கிள் வரும் வரை வெயில் ஏறும். வந்தவுடன், “மீன் வாடிப்போச்சு” என்று விலை குறையும். மீனவருக்கு நட்டம். வாடிய மீனை வாங்கிச் செல்லும் வியாபாரிக்கும் நட்டம்.

இங்கே சிரமம் குளிரல்ல, வெயில். நிழல், சுத்தமான மேசை, கழுவத் தண்ணீர்த் தாங்கி, சரியான தராசு, ஐஸ் நிறைந்த பெட்டி இவ்வளவையும் ஒரு டிரெயிலரில் ஏற்றி, மீன் கரையேறும் நேரத்துக்கு முன்பே அங்கே போய் நிற்கும் வியாபாரியைக் கற்பனை செய்யுங்கள். தொலைபேசியை மின்னேற்ற ஒரு சிறு சூரியத் தகடும் இருக்கட்டும். முதல் மீன் யாரிடம் வரும்? முற்பணம் கொடுத்து மீனவரைக் கட்டிப்போடுவது நமது பகுதியில் பழைய முறை. அது பணத்தை வெளியே முடக்கும், மனக்கசப்பையும் வளர்க்கும். வசதியைக் கொடுத்து மீனவரை வரவைப்பது அதைவிடக் குறைந்த செலவு. அந்த வசதி உங்கள் சொந்தச் சொத்தாகவும் இருக்கும்.

பாடம் இரண்டு: நிலம் நமதில்லையானால் சக்கரம் வேண்டும்

ஏரி யாருடைய சொத்துமல்ல. ஆகவே மினசோட்டாவில் அதன் மேல் வைக்கும் வீட்டுக்கு உரிமையாளரின் அடையாளம் பொறித்திருக்க வேண்டும். மார்ச் மாதத்தில் சட்டம் குறிக்கும் திகதிக்குள் ஆளில்லா வீடுகளை ஏரியிலிருந்து அகற்றிவிட வேண்டும். மாநிலத்தின் தென்பகுதிக்கு அம்மாதத்தின் முதலாம் திங்கட்கிழமை, வடபகுதிக்கு மூன்றாம் திங்கட்கிழமை. குப்பையை ஐஸின் மேல் விட்டுச் செல்வதும் குற்றம். சறுக்குக் குடிசையைச் சக்கர வீடு வென்றதற்கு இதுவும் ஒரு காரணம். போ என்றால் அன்றே போகலாம். ஐஸ் மெலிந்தால் அன்றே கரையேறலாம்.

வன்னியில் இந்தப் பாடம் இன்னும் கூர்மையானது. நாயாறு, கொக்கிளாய்க் கரைகளில் பருவகால மீனவர்கள் வாடி அமைத்துத் தொழில் செய்வது நெடுநாள் வழக்கம். தென்மேல் பருவக் காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும்போது நீர்கொழும்பு, சிலாபம் பகுதி மீனவர்கள் அமைதியான கிழக்குக் கரைக்கு வருவார்கள். உள்ளூர் மீனவர்களும் அதே கரையில் இருக்கிறார்கள். யார் எங்கே வாடி போடுவது, யாருக்கு அனுமதி உண்டு என்பது பல வருடமாகத் தீராத பிணக்கு. குளக்கரையிலோ நிலம் குளத்தின் ஒதுக்குப் பகுதியாக இருக்கும். சில இடங்கள் வனத்துக்கோ வனசீவராசிகளுக்கோ உரியவை. இப்படிப்பட்ட நிலத்தில் சீமெந்து போட்டுக் கொட்டில் கட்டினால், ஒரு கடிதத்தில் முதலீடு முழுவதும் மண்ணாகிவிடும்.

எனவே பிறர் நிலத்தில் தொழில் செய்பவர் கட்டடத்தில் பணம் போடக் கூடாது. சக்கரத்தில் போட வேண்டும். மாலையானால் டிரெயிலர் வீட்டு வளவுக்குத் திரும்பிவிடும். அதற்கும் அனுமதி தேவை என்பதை மறக்க வேண்டாம். குறித்த குளத்தின் மீனவர் சங்கத்துடன் முதலில் பேசுங்கள்; நீர்ப்பாசனத் திணைக்களத்திடமும் பிரதேச செயலகத்திடமும் கேளுங்கள். மீன் கழிவைக் குளத்துக்குள் கொட்டாமல் வாளியில் எடுத்துச் செல்லுங்கள். சங்கத்துக்குத் தெரியாமல் தனியொரு மீனவருடன் ஒப்பந்தம் செய்து உள்ளே நுழைபவர் நீண்ட நாள் நிற்க முடியாது.

பாடம் மூன்று: சுவரில் கஞ்சத்தனம் வேண்டாம்

அங்கே ஐஸ் வெளியே, மனிதர் பெட்டிக்குள். இங்கே ஐஸ் பெட்டிக்குள், வெயில் வெளியே. வேலை ஒன்றுதான்: வெப்பம் சுவரைக் கடந்து போகாமல் தடுப்பது. அந்த வீட்டுச் சுவருக்குள் இருக்கும் நுரைத் தகட்டின் உறவுதான் நமது ரெஜிபோம் பெட்டியும்.

இதைக் கணக்காகப் பார்ப்போம். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது சுமார் 80 கிலோகலோரி வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஒரு கிலோ மீனை ஒரு பாகை குளிரச் செய்ய ஏறத்தாழ ஒரு கிலோகலோரி வெப்பத்தை அகற்ற வேண்டும். எனவே 30 பாகைச் சூட்டில் கரையேறிய 300 கிலோ மீனைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர 9,000 கிலோகலோரி. அதாவது 110 கிலோவுக்கு மேல் ஐஸ். மீனைக் குளிர்விக்க மட்டுமே இவ்வளவு! அதன்பின் வழி நெடுகச் சுவராலும் மூடியாலும் உள்ளே புகும் வெப்பத்துக்கு வேறு ஐஸ் வேண்டும். வெப்ப நாடுகளில் நீண்ட பயணத்துக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்று சொல்வது இதனால்தான். சுவர் தடிப்பாகவும் மூடி இறுக்கமாகவும் இருந்தால் இந்த இரண்டாவது பங்கு குறையும். ஒரு முறை சுவருக்குச் செலவழித்தால் ஒவ்வொரு பயணத்திலும் ஐஸ் மிச்சமாகும்.

ஐஸைக் குறைத்தால் என்ன ஆகும்? பூச்சியம் பாகையில் கெடும் வேகத்தைவிட 10 பாகையில் மீன் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகக் கெடுகிறது. முல்லைத்தீவிலிருந்து பேலியகொடை மத்திய மீன் சந்தை முந்நூறு கிலோமீற்றருக்கும் மேல். இனிக் காசாகப் பாருங்கள். கணக்குக்காக, 300 கிலோ மீனைக் கிலோ 500 ரூபாவுக்கு வாங்கி 600 ரூபாவுக்கு விற்பதாக வைப்போம். முழுவதும் விற்றால் மொத்த இலாபம் 30,000 ரூபா. 30 கிலோ கெட்டுப்போனால்? 270 கிலோ விற்று 1,62,000 ரூபா வரும். முதல் 1,50,000. மிஞ்சுவது 12,000 ரூபா மட்டுமே. கெட்டது மீனில் பத்திலொரு பங்கு. போனது இலாபத்தில் பத்தில் ஆறு பங்கு. டீசலும் ஆள் கூலியும் இன்னும் கழிக்கவில்லை.

ஐஸ் இடும் முறையும் முக்கியம். கட்டியை அப்படியே போடாமல் சிறிதாக நொறுக்குங்கள். அடியில் ஒரு படை ஐஸ், மேலே மீன், மறுபடி ஐஸ் என்று அடுக்கி, மேல்படையைத் தடிப்பாக மூடுங்கள். உருகும் நீர் வடிய அடியில் துவாரம் இருக்கட்டும். இரத்தமும் கழிவும் கலந்த நீரில் ஊறும் மீன் ஐஸ் இருந்தும் கெடும்.

பாடம் நான்கு: வாங்குமுன் நாட்களை எண்ணுங்கள்

சக்கர வீடு செய்யும் நிறுவனங்களுக்கு ஒரு பெரிய தடை இருந்தது. “மூன்று மாதத்துக்காக இவ்வளவு பணமா?” என்று வாடிக்கையாளர் கேட்டார். அதற்கு அவர்கள் கண்ட பதில், அதே வீட்டைக் கோடைக்கும் பயன்படச் செய்வது. கழிவறை, தண்ணீர்த் தாங்கி, குளிரூட்டி பொருத்தினார்கள். குளிர்காலத்தில் ஏரிக்கும் கோடையில் குடும்பச் சுற்றுலாவுக்கும் ஒரே வீடு. வேட்டைக் காலத்தில் காட்டோரத்தில் தங்கவும் அதுவே. விலை சற்றுக் கூடியது. ஆனால் பயன்படும் நாட்கள் பெருகியதால் ஒரு நாளுக்கான செலவு குறைந்தது.

நமது கணக்குக்கு வருவோம். குளிரூட்டிய சிறு லொறி ஒன்றைத் தவணைக்கு எடுக்கிறீர்கள். மாதத் தவணை 90,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 10,80,000. காப்புறுதி, வரி, ரயர், திருத்த வேலை எல்லாம் 2,20,000. ஆக, லொறி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடச் செலவு 13,00,000 ரூபா. இதை வேலை நாட்களால் வகுத்துப் பாருங்கள்.

வருடத்தில் 130 நாள் ஓடினால், ஒரு நாளைக்கு 10,000 ரூபா.
வருடத்தில் 260 நாள் ஓடினால், ஒரு நாளைக்கு 5,000 ரூபா.

டீசல், ஐஸ், சாரதி, கூலி எல்லாம் போகக் கிலோவுக்கு 40 ரூபா மிஞ்சுவதாக வைத்தால், முதலாமவர் தவணையைச் சமாளிக்க மட்டுமே நாளுக்கு 250 கிலோ மீன் ஏற்ற வேண்டும். இரண்டாமவருக்கு 125 கிலோ போதும். இருவரும் ஒரே லொறி, ஒரே தவணை, ஒரே சந்தை. பிழைப்பவரையும் விழுபவரையும் பிரிப்பது நாட்களின் எண்ணிக்கைதான். லீசிங் கம்பனியின் படிவத்தில் இந்தக் கேள்வி இருக்காது. நீங்கள்தான் உங்களைக் கேட்க வேண்டும்.

நாட்களைப் பெருக்குவது எப்படி? முல்லைத்தீவுக் கடல் வாடைக்காற்றுக் காலத்தில் கொந்தளிக்கும். ஐப்பசி, கார்த்திகை தொடங்கித் தை வரை வள்ளம் இறங்காத நாட்கள் பல. குளங்களும் அப்போது நிறைந்து நிற்பதால் மீன் பரந்துவிடும். ஆனால் அதே காலத்தில் மேற்குக் கடலும் தென்கடலும் அமைதியாக இருக்கும். கோடையில் முல்லைத்தீவிலிருந்து தெற்கே மீன் கொண்டுபோன பெட்டி, மாரியில் நீர்கொழும்பு, சிலாபத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சிச் சந்தைகளுக்கு மீன் கொண்டுவரட்டும். காற்றைப் பார்த்து இடம் மாறும் அறிவு மீனவருக்குத் தலைமுறையாக உண்டு. வியாபாரியின் வாகனம் மட்டும் ஏன் ஒரே திசையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்?

முதல் குறைந்தவர்கள் லொறிக்கே போகத் தேவையில்லை. உழவு இயந்திரப் பெட்டி, லேண்ட்மாஸ்டர் பெட்டி ஆகியவை வன்னியில் ஊருக்கு ஊர் உண்டு. அதன் மேல் தூக்கி இறக்கக்கூடிய ஐஸ் பெட்டி ஒன்றைத் தனியாகச் செய்து, நான்கு ஆணியால் பூட்டிக்கொள்ளுங்கள். காலபோக அறுவடை நேரத்தில் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு நெல் ஏற்றலாம். சிறுபோக அறுவடைக்கும் அப்படியே. வரட்சியில் குளம் வற்றி மீன் ஒடுங்கும் வாரங்களில் பெட்டியைத் திரும்பப் பூட்டலாம். நோன்பு மாதம் வந்தால் ஐஸுக்கும் குளிர்பானத்துக்கும் கேள்வி கூடும். அந்த மாதம் வருடந்தோறும் சுமார் பதினொரு நாள் முன்னே நகர்வதால், அது வரட்சியில் வருகிறதா மாரியில் வருகிறதா என்று முன்கூட்டியே பார்த்துத் திட்டமிடலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மீன் வைத்த பெட்டியில் உரமும் கிருமிநாசினியும் ஏற்றக் கூடாது. பெட்டியை வேறாக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

பாடம் ஐந்து: ஏறுமுன் தடிப்பை அளவிடுங்கள்

மினசோட்டாவின் இயற்கை வளத் திணைக்களம் ஐஸின் தடிப்புக்கு ஓர் அளவு சொல்கிறது. ஒருவர் நடக்க 4 அங்குலம். சிறிய கார் செல்ல 9 முதல் 10 அங்குலம். கனமான வாகனம் சக்கர வீட்டையும் இழுத்துச் செல்ல 20 அங்குலத்துக்கு மேல். அதுவும் புதிய, தெளிந்த ஐஸுக்கு மட்டும். எந்த ஐஸும் நூறு வீதம் பாதுகாப்பானதல்ல என்ற எச்சரிக்கையோடு. வசதி கூடக் கூடப் பாரமும் கூடுகிறது. பாரம் கூடக் கூடத் தடிப்பும் கூட வேண்டும். ஆனாலும் ஆசைப்பட்டு முந்திப் போகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. 2023 டிசெம்பர் 29ஆம் திகதி அங்குள்ள மேல் ரெட் ஏரியில் ஐஸ் பிளந்து கரையிலிருந்து விலகியது. 122 பேரை மீட்க வேண்டியதாயிற்று. அந்தக் குளிர்காலம் மினசோட்டாவில் பதிவானவற்றிலேயே மிக வெப்பமானது. ஏரிகள் சரியாக உறையாததால், அதை நம்பிய கரையோர வியாபாரிகளின் வருமானமும் உருகிப்போனது.

வியாபாரியின் ஐஸ் அவருடைய கைமுதல். வருமானமே இல்லாமல் எத்தனை மாதம் தவணை கட்ட முடியும் என்பதே அதன் தடிப்பு. நமக்கும் இப்படிப்பட்ட வருடங்கள் வந்திருக்கின்றன. 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் கொவிட் பரவியபோது சந்தை மூடப்பட்டது. மீன் வாங்கவே மக்கள் அஞ்சினார்கள். அந்த ஒரு சந்தையை மட்டும் நம்பியிருந்தவருக்கு அன்றோடு வழி அடைபட்டது. 2022இல் டீசலும் மண்ணெண்ணெயும் வரிசையில் நின்றும் கிடைக்காதபோது வள்ளமும் லொறியும் சேர்ந்தே நின்றன. இரண்டு வருடங்களுக்குள் இரண்டு அடி. இடம்பெயர்ந்து, மீளக் குடியேறி, சிறு முதலோடு மீண்டும் தொழில் தொடங்கியவர் வன்னியில் ஏராளம். அவர்களுக்கு ஒரு தவறான வாகனம் போதும், மறுபடியும் பூச்சியத்துக்கு வர.

ஆகவே, குறைந்தது ஆறு மாதத் தவணைக்கான பணம் தனியாகக் கையில் இல்லாமல் புதிய வாகனத்துக்குக் கையொப்பம் இடாதீர்கள். முடியாதவர் முதலில் வாடகைக்கு வாகனம் பிடித்து ஒரு பருவம் ஓடிப் பார்க்கட்டும். அல்லது இருவர், மூவர் பங்காளிகளாகச் சேர்ந்து, இலாப நட்டப் பங்கை எழுத்தில் வைத்து வாங்கட்டும். கடலுக்குப் போகிறவரும் குளத்துக்குப் போகிறவரும் பங்காளிகளானால் ஒருவரின் ஓய்வு நாளில் மற்றவர் வாகனத்தை ஓட்டலாம்.

இன்னொரு தடிப்பும் உண்டு: மீன் வளம். மேலே சொன்ன ரெட் ஏரியில் அளவுக்கு மீறிப் பிடித்ததால் வொலாய் மீன் அருகிப்போய், 1999இல் அந்த மீனைப் பிடிப்பதையே நிறுத்தினார்கள். குஞ்சு விட்டுக் காத்திருந்து, 2006இல்தான் மீண்டும் திறந்தார்கள். ஏழு வருடம்! குஞ்சு மீனையும் வாங்கும் வியாபாரி இருந்தால் சிறு கண் வலையும் குளத்துக்குள் இறங்கும். சிறிய மீனை வாங்க மறுப்பது தருமம் மட்டுமல்ல, அடுத்த வருட வியாபாரத்துக்கான முதலீடும்கூட.

இந்த வாரப் பயிற்சி

ஒரு தாளை எடுத்துப் பன்னிரண்டு கட்டம் போடுங்கள், மாதத்துக்கு ஒன்று. நீங்கள் வாங்க நினைக்கும் லொறியோ, டிரெயிலரோ, ஐஸ் பெட்டியோ ஒவ்வொரு மாதமும் எத்தனை நாள் உழைக்கும் என்று எழுதுங்கள். நல்ல வருடத்தை நினைத்து எழுதாதீர்கள்; சென்ற வருடம் உண்மையில் நடந்ததைப் பார்த்து எழுதுங்கள். பின்னர் இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுங்கள்.

1. வருடச் செலவை மொத்த நாட்களால் வகுத்தால் ஒரு நாளுக்கு எவ்வளவு? அதை உழைக்க எத்தனை கிலோ வேண்டும்?
2. வெறுமையாக இருக்கும் கட்டங்களில் இதே பொருள் வேறு என்ன வேலை செய்யும்?
3. நிற்கும் நிலம் யாருடையது? நாளை போகச் சொன்னால் எதை எடுத்துச் செல்வீர்கள், எதை விட்டுச் செல்வீர்கள்?
4. யாருடைய எந்தச் சிரமத்தை இது நீக்குகிறது? அவர் அதற்குக் காசு தருவாரா, அல்லது தனது மீனை உங்களுக்கு முதலில் தருவாரா?
5. ஒரு சதமும் வராவிட்டால் எத்தனை மாதம் தாங்கும்?

ஐந்துக்கும் விடை கிடைத்தபின் வாகனத்தைப் பார்க்கப் போங்கள். வெற்றுக் கட்டங்கள் ஆறுக்கு மேல் இருந்தால், அந்த லொறி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதை விற்பவரின் முற்றத்திலேயே விட்டுவிட்டு வருவது நல்லது.